முன்னாலேயே

எங்கள் ஃப்ரீஸ்லாந்தில்
மேடு என்றால் பாலம்.
கால்வாயைத் தாண்டப் பன்னிரண்டு மிதி,
இறங்கினால் மறுபடி புல், மாடு, வானம்.
மூன்று வயதில் ஏறிய சைக்கிளைவிட்டு
நாற்பத்தொன்று வரை நான் இறங்கவில்லை,
பிள்ளைப்பேற்றுக்கு இரண்டு முறை தவிர.
எதிர்காற்றைத்தான்
மலை என்று நினைத்திருந்தேன்.

பெர்கனில் வேலை கிடைத்தது.
காது மங்கியவர்களுக்குக் கருவி பொருத்தும் வேலை.
வாடகை வீடு கீழே, துறைமுகத்தை ஒட்டி.
கிளினிக் மேலே,
மேகம் வந்து உட்காரும் இடத்தில்.

இருபத்தொரு கியர் வண்டியைப்
பாதி விலைக்கு விற்றவள் கேட்டாள்:
"ஓட்டத் தெரியும்தானே?"
மீன்குஞ்சுக்கு நீச்சலா என்று சிரித்தேன்.
மீன்குஞ்சை மரம் ஏறச் சொல்கிறார்கள் என்பது
சாண்ட்விகனின் முதல் வளைவில் தெரிந்தது.

வேகம் செத்து, முழங்கால் நடுங்கி,
உடம்பின் மொத்த பாரமும் ஒற்றை மிதியில் நிற்கும்போதுதான்
கை கியரைத் தேடியது.
கட்டைவிரலை அழுத்தினேன்.
க், ச், ட், த், ப், ற்.
வல்லினம் ஆறும் ஒன்றாய்க் கூடி
என்னைத் திட்டின.
சங்கிலி கழன்று தொங்க
மிதி சும்மா சுற்றியது.
மழையில் தள்ளிக்கொண்டு போய்,
மீன் ஏலக்காரர் ஒருவரின் காதைத் தொடும் முன்
பத்து நிமிடம் சோப்புப் போட்டேன்.

மறுநாள், எதற்கு வம்பு என்று
வீட்டு வாசலிலேயே ஆக லேசான கியர்.
கால் தையல் மெஷின் மாதிரி பறந்தது.
வண்டி நகர்ந்ததா என்றால்,
என்னை முந்திப் போனது
ஒரு குழந்தைத் தள்ளுவண்டி.
உள்ளே குழந்தை நல்ல தூக்கம்.

வியாழனன்று சங்கிலி அறுந்தது.
கடைக்கார ஓட்வார்
அறுந்த கண்ணியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்,
என் தொடையைப் பார்த்தார்,
"முன்னாலேயே" என்றார்.
அவ்வளவுதான். முந்நூறு குரோனர்.
முன்னாலேயே என்ன?
வந்திருக்க வேண்டுமா? பிறந்திருக்க வேண்டுமா?
கேட்குமளவு நார்வே மொழி
என்னிடம் இல்லை.

திங்கட்கிழமை என் பின்னால் ஒரு மீன் லாரி.
வளைவு இன்னும் வரவில்லை, சாலை இன்னும் தட்டைதான்.
அதற்குள் அது
முனகுவதை நிறுத்தி,
ஒரு மூச்சு சும்மா இருந்து,
ஒரு கட்டை ஏற்றிப் பிடித்தது குரலை.
நாளெல்லாம் பிறர் காதில் என்ன விழுகிறது என்று
அளந்து எழுதுபவள் நான்.
அந்த ஒரு மூச்சு
எனக்கு அன்றுதான் கேட்டது.

சுற்றுவதை நிறுத்தவில்லை.
பாரத்தை மட்டும் எடுத்தேன்,
தூங்கும் பிள்ளையின் தலைக்கடியிலிருந்து
கையை உருவுவதுபோல.
கட்டைவிரல்.
ம்.
அவ்வளவே சத்தம்.
சங்கிலி அடுத்த பல்சக்கரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.
இன்னொன்று.
ம்.
மேடு அதன் பாட்டுக்கு வந்தது,
நான் என் பாட்டுக்கு மிதித்தேன்.
லாரி அவசரப்படாமல் பின்னாலேயே வந்தது,
அதன் வைப்பர் என் மிதிக்குத் தாளம்போல.

உச்சியில் சமதளம்.
சந்தோஷத்தில் கனத்த கியர் வரை
ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனேன்,
சிவப்பு விளக்கு விழும்வரை.

பச்சை.
மிதித்தேன்; சுவரை மிதிப்பதுபோல.
எழுந்து நின்று மிதித்தேன்.
லாரி ஹாரன் அடிக்கவில்லை.
கண்ணாடி இறங்கியது.
நீலக் கம்பளிக் குல்லாய் போட்ட ஒருத்தி
தலையை மழையில் நீட்டி
ஒரே ஒரு சொல்லைக் கத்தினாள்.
எனக்குத் தெரிந்த சொல்.

இறங்கி, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து,
மிதியைப் பாதத்தால் சுழற்றி
ஒவ்வொரு கியராக இறக்கத் தொடங்கினேன்.
எட்டு மணிக்காரர் வந்திருப்பார்.
விளக்கு மறுபடி சிவப்பானது.